வெகுளி: கதைகளில் கள்ளமின்மை தொலைவதும் வெறி அழைப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்த வகைக் கதைகள் எதைப் பற்றியவை?

நல்ல வளர்ப்பும் படிப்பும் உள்ள ஒருவர், பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ, கேட்பார் இல்லாத ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார். அது தீவாக இருக்கலாம், கப்பலாக இருக்கலாம், கலவரம் நடக்கும் தெருவாகவும் இருக்கலாம். முதலில் பயம் வருகிறது. அப்புறம் அந்தப் பயத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு கிளர்ச்சியும் வருகிறது. கதை முடியும்போது, அதுவரை தன்னை யார் என்று நினைத்திருந்தாரோ அந்த ஆளாக அவரால் திரும்பிப் போக முடிவதில்லை.

இதைப் பேசுவதற்குத் தமிழில் ஓர் அருமையான சொல் இருக்கிறது: வெகுளி. இன்று 'அவன் ஒரு வெகுளி' என்றால் சூதுவாது தெரியாதவன் என்று பொருள். பழந்தமிழில் அதே சொல்லுக்குக் கடுங்கோபம் என்று பொருள். திருக்குறளின் 31-ஆவது அதிகாரம் 'வெகுளாமை'. சினம் கொள்ளாதிருப்பதைப் பற்றியது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியும் ஒன்று. அது பிறக்கும் இடங்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கையும் தொல்காப்பியர் குறிப்பிடுகிறார். உடலைச் சிதைப்பது, குடியைக் கெடுப்பது, அடித்து அலைப்பது, கொல்வது. ஒரே சொல்லில் வெள்ளை மனமும் கொலைச்சினமும் வந்து குடியேறியிருக்கின்றன. இந்தக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். இரண்டு பொருளும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்பதுதான் அவை கேட்கும் கேள்வி.

எல்லோரும் சொல்லும் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலின் கதை என்ன?

வில்லியம் கோல்டிங் எழுதி 1954-இல் வெளியான ஆங்கில நாவல். போர்க்காலத்தில் சிறுவர்களை ஏற்றிச்சென்ற விமானம் விழுந்து, ஆளில்லாத வெப்பமண்டலத் தீவில் அவர்கள் மட்டும் தப்புகிறார்கள். பெரியவர்கள் ஒருவரும் இல்லை. மூத்தவர்களுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவர்களுக்கு ஆறு. ரால்ஃப் தலைவனாகிறான். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்று விதி வைக்கிறார்கள். பிக்கி என்று கேலிப்பெயர் சூட்டப்பட்ட பருமனான பையனின் கண்ணாடியை வைத்து நெருப்பு மூட்டுகிறார்கள். கப்பலுக்குப் புகை தெரிய வேண்டும் என்பது திட்டம். ஜாக் என்பவன் வேட்டைக்காரர்களைத் திரட்டுகிறான். காட்டில் ஒரு மிருகம் இருக்கிறது என்ற வதந்தி பரவுகிறது. மெல்ல மெல்ல எல்லாம் ஜாக்கின் பக்கம் சாய்கிறது. உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்ல ஓடிவரும் சைமன், இடிமழைக்கு நடுவே ஆட்டத்தில் இருக்கும் கூட்டத்தின் கையாலேயே சாகிறான். அப்புறம் பிக்கி சாகிறான். கடைசியில் ரால்ஃபைக் கொல்லத் தீவையே கொளுத்துகிறார்கள்.

தலைப்பு விவிலியத்தில் வரும் பெயெல்செபூல் என்ற பெயரைச் சுட்டுகிறது. ஈக்களுக்கு அதிபதி என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். கதையில் அது கம்பில் குத்திவைத்த பன்றித்தலை. ஈ மொய்க்கும் அந்தத் தலைதான் சைமனிடம், மிருகத்தை வேட்டையாடிக் கொல்ல முடியாது, நான் உங்களுக்குள்தான் இருக்கிறேன் என்கிறது.

நல்ல பையன்கள் ஏன் அப்படி மாறுகிறார்கள்? ஏதாவது ஒரு திருப்புமுனை உண்டா?

பெரிய திருப்புமுனை என்று ஒன்றைக் காட்ட முடியாது. அதுதான் நாவலின் பலம். சின்னச் சின்னப் படிகள் இருக்கின்றன.

தொடக்கத்தில் ஜாக் ஒரு பன்றிக்குட்டியை மடக்கிவிடுகிறான். கத்தியை ஓங்குகிறான். கை இறங்க மறுக்கிறது. உயிருள்ள சதைக்குள் கத்தி இறங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த நொடியில் அவனுக்குத் தெரிகிறது, ரத்தத்தை நினைக்கவும் தாங்கவில்லை. குட்டி தப்பி ஓடிவிடுகிறது. ஜாக் வெட்கப்படுகிறான். அடுத்த முறை விடமாட்டேன் என்று கத்தியை ஒரு மரத்தில் குத்துகிறான். கவனியுங்கள், கொல்ல முடியாமல் போனதைத்தான் அவன் அவமானமாக எடுத்துக்கொள்கிறான். தன்னிடம் இருந்த நல்லதைக் குறையாக எண்ணும் அந்த இடம்தான் முதல் படி.

இன்னொரு படி ரோஜர். ஹென்றி என்ற சின்னப் பையன் கடற்கரையில் தனியாக விளையாடுகிறான். பனைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ரோஜர் அவன் பக்கமாகக் கல் எறிகிறான். ஆனால் படும்படி எறிவதில்லை. ஹென்றியைச் சுற்றி ஆறு கெஜம் குறுக்களவில் ஒரு வட்டம் இருக்கிறது; அதற்குள் கல்லைப் போட ரோஜருக்குத் துணிவு வரவில்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து அந்தக் குழந்தையைக் காத்து நிற்பதாகக் கோல்டிங் எழுதுகிறார். அவர்கள் யாரும் அங்கே இல்லை. அவர்களை உருவாக்கிய நாகரிகமே போரில் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் ரோஜரின் கை அவர்களுக்குக் கட்டுப்படுகிறது. பின்னால் ஒரு நாள் இதே ரோஜர் பாறையை நெம்பித் தள்ளிப் பிக்கியைக் கொல்கிறான்.

பதினாறு வயதில் முதன்முதலாகப் படித்தபோது இந்தக் கல்லெறிக் காட்சியை நான் தாண்டிப் போய்விட்டேன். சைமனும் பிக்கியும் சாகும் இடங்கள்தான் மனதில் நின்றன. பல வருடம் கழித்து மறுபடி படித்தபோது இந்த இரண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கள்ளமின்மை என்பது குழந்தையின் நெஞ்சுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பொருள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இங்கே அது குழந்தைக்கு வெளியே இருக்கிறது. மற்றவர்கள் அவனைச் சுற்றிப் போட்டு வைத்த வட்டம் அது. ஹென்றிக்கு அந்த வட்டம் இருப்பதே தெரியாது. அதைக் காப்பதும் அழிப்பதும் இன்னொருவன் கையில் இருக்கிறது.

காட்டுத்தனத்தில் அப்படி என்ன இழுப்பு? யாருக்காவது அது பிடிக்குமா?

பிடிக்கும். அதை ஒப்புக்கொள்ளாத கதைகள் பொய் சொல்கின்றன. வன்முறையில் ஈடுபடுபவர்கள் எல்லாரும் நொந்துபோய், வேறு வழியில்லாமல் ஈடுபடுகிறார்கள் என்று எழுதினால் வாசகர் நிம்மதியாகத் தூங்கலாம். அவ்வளவுதான் அதனால் ஆகும்.

ஜாக் முகத்தில் களிமண்ணும் கரியும் பூசிக்கொள்கிறான். தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கிறான். அங்கே தெரிவது அவன் இல்லை. அந்த முகமூடிக்குப் பின்னால் வெட்கமும் கூச்சமும் விட்டுப்போய் அவன் விடுதலை அடைகிறான். 1886-இல் வெளிவந்த ஸ்டீவன்சனின் ஜெக்கில்–ஹைட் கதையிலும் இதே அனுபவம் வருகிறது. மருந்தைக் குடித்து முதன்முறை ஹைடாக மாறியதும் டாக்டர் ஜெக்கிலுக்கு உடம்பு இளமையாக, இலேசாக, மகிழ்ச்சியாக இருக்கிறது. இதுவரை அறியாத, ஆனால் கள்ளமற்றது என்று சொல்ல முடியாத ஒரு விடுதலை என்று அதை அவரே எழுதிவைக்கிறார். எவ்வளவு நேர்மையான வாக்குமூலம்!

இதையெல்லாம் விடப் பழையது யூரிப்பிடீஸின் 'பாக்கே' நாடகம். அவர் இறந்தபின், கி.மு. 405 வாக்கில் மேடையேறியது. தீப்ஸ் நகரத்துப் பெண்கள் டயோனிசஸ் என்ற தெய்வத்தின் வெறியேறி மலைக்குப் போய்விடுகிறார்கள். மன்னன் பெந்தியஸ் அதை அடக்கப் பார்க்கிறான். தெய்வம் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: மலையில் அவர்கள் இருப்பதைப் பார்க்க ஆசையா? அதற்குப் பொன்னை அள்ளிக் கொடுக்கவும் தயார் என்கிறான் மன்னன். பெண்வேடம் போட்டு ஒளிந்து பார்க்கப் போகிறவனை, அவனைப் பெற்ற அகாவேயும் மற்றவர்களும் பிய்த்துப் போடுகிறார்கள். சிங்கத்தலை என்று நம்பி மகனின் தலையை ஏந்திக்கொண்டு அவள் பெருமையோடு ஊருக்குள் வருகிறாள். அவளுடைய தந்தை கத்மஸ் திட்டுவதில்லை. முதலில் வானத்தைப் பார், முன்பு போலவே தெரிகிறதா என்று கேட்கிறார். கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது என்கிறாள். சரி, இப்போது கையில் இருப்பதைப் பார் என்கிறார். இந்தக் காட்சிக்கு ஈடாக வேறொன்றை நான் எங்கும் படித்ததில்லை.

இந்த மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் இழுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். நான் என்ற சுமை இறங்குகிறது. தனியாள் பயம் கூட்டத்தில் கரைகிறது. சங்க இலக்கியத்தின் வெறியாட்டில், முருகனின் பூசாரியான வேலன்மேல் தெய்வம் ஏறி ஆடும். ஆட்டம் முடிந்ததும் வேலன் மறுபடி வேலன்தான். தீவில் பையன்கள் பன்றி வேட்டையை நடித்து ஆடும் ஆட்டத்தில் அந்த முடிவு இல்லை. யாரும் அவர்களை வட்டத்துக்கு வெளியே அழைத்து வருவதில்லை. சைமன் கொல்லப்படும் இரவில் ரால்ஃபும் பிக்கியும்கூட அந்தப் பைத்தியக்கார ஆட்டத்தின் ஓரத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். தனியே இருட்டில் நிற்க பயமாக இருந்தது, காரணம் அவ்வளவுதான்.

அப்படியென்றால் மனிதர் இயல்பிலேயே கொடியவர் என்று இந்த நாவல் நிரூபித்துவிட்டதா?

நாவல் எதையும் நிரூபிக்காது. அது ஒருவர் பார்த்ததை நமக்கும் காட்டும். கோல்டிங் எதைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப்போரில் அவர் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தார். 1944-இல் நார்மண்டி தரையிறக்கத்தின்போது ராக்கெட் ஏவும் படகு ஒன்றின் பொறுப்பில் இருந்தார். போருக்குப் பின் சால்ஸ்பரியில் பள்ளி ஆசிரியராகச் சிறுவர்களோடு நாளெல்லாம் கழித்தார். தேனீ தேனைச் சுரப்பதுபோல் மனிதன் தீமையைச் சுரக்கிறான் என்று பின்னால் ஒரு கட்டுரையில் எழுதினார். அந்த வருடங்களைக் கடந்தும் இது புரியாதவர் குருடராகவோ புத்தி பிசகியவராகவோதான் இருக்க முடியும் என்பது அவர் முடிவு.

அவருக்கு எதிர்த்தரப்பும் உண்டு, அது கதையல்ல. 1965-இல் டோங்கா நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஆறு பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய், புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஏறத்தாழ 15 மாதம் கழித்து, 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டு மீட்டார். அந்தப் பையன்கள் ஒருமுறை மூட்டிய நெருப்பை அணையவிடாமல் காத்தார்கள். முறை வைத்து வேலை செய்தார்கள். சண்டை வந்தால் இருவரையும் ஆளுக்கொரு பக்கமாக அனுப்பி ஆறவிட்டார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது கட்டுப்போட்டு, அவன் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள்.

நான் இதைப் படித்து மகிழ்ந்தேன், ஆனால் கோல்டிங் தோற்றார் என்று எனக்குத் தோன்றவில்லை. டோங்கா பையன்கள் முன்பே நண்பர்கள். ஒரே மொழி, ஒரே வழிபாடு. நாவலின் பையன்கள் பலர் ஒருவரையொருவர் அறியாதவர்கள்; ஜாக்கின் பாடற்குழு மட்டும் ஏற்கெனவே சீருடையும் தலைவனும் உள்ள கூட்டமாக வந்து இறங்குகிறது. நாவல் வந்த அதே 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் பதினோரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, பரிசுப் போட்டி வைத்துப் பார்த்தார். கொடியை எரிப்பதும் மற்றவர் குடிலைச் சூறையாடுவதுமாகப் பகை வளர்ந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் அவர் செய்த முயற்சி பாதியில் நின்றுபோனது. அந்தச் சிறுவர்கள் அணி பிரிவதற்கு முன்பே நட்பாகிவிட்டார்கள். எவ்வளவு தூண்டியும் சண்டைக்கு வரவில்லை. கடைசியில் தங்களை மோதவிடப் பார்க்கும் பெரியவர்கள்மேல்தான் சந்தேகப்பட்டார்கள். இந்தத் தோற்றுப்போன சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

குழந்தைகளைக் கள்ளமற்றவர்களாகக் காட்டாத வேறு நாவல்?

ரிச்சர்ட் ஹியூஸின் 'எ ஹை விண்ட் இன் ஜமைக்கா', 1929. கோல்டிங்குக்குக் கால் நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. எனக்கு அதுதான் இன்னும் அச்சம் தருகிறது.

ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் அனுப்பப்படும் குழந்தைகள் கடற்கொள்ளையர் கையில் சிக்குகிறார்கள். கொள்ளையர்கள் கொஞ்சம் அசட்டு மனிதர்கள். குழந்தைகளை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். ஜான் என்ற பையன் வழியில் ஒரு துறைமுகத்தில் விழுந்து சாகிறான். மறுநாளிலிருந்து உடன்பிறந்தவர்கள் அவன் பெயரையே எடுப்பதில்லை. பிறகு பத்து வயது எமிலி, கட்டிப்போடப்பட்ட டச்சுக் கப்பல் தலைவர் ஒருவரைப் பயத்தில் கத்தியால் வெட்டிக் கொல்கிறாள். இங்கிலாந்து நீதிமன்றத்தில் அவள் அழுது கதறிச் சொல்லும் அரைகுறைச் சாட்சியால் அந்தக் கொலைக்காகக் கொள்ளையர்கள் தூக்கில் தொங்குகிறார்கள். கடைசிக் காட்சியில் எமிலி புதுப்பள்ளியில் மற்றச் சிறுமிகளோடு நிற்கிறாள். யார் யாரென்று பிரித்துச் சொல்ல முடியாது.

எமிலி கெட்டவளா? ஹியூஸ் பதில் சொல்வதில்லை. குழந்தையின் மனம் பெரியவர்களின் மனத்திலிருந்து வேறுபட்ட ஒன்று, அதைப் பெரியவர்கள் தங்கள் ஆசைப்படி 'வெள்ளை' என்று வாசித்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் காட்டுகிறார். நீதிமன்றம் பார்த்தது தான் பார்க்க விரும்பிய பிள்ளையை.

இதெல்லாம் ஏன் காட்டிலும் தீவிலுமே நடக்கிறது? காடு என்ன பாவம் செய்தது?

நியாயமான கோபம். 'காட்டுமிராண்டி' என்ற நம் சொல்லே காட்டைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. ஐரோப்பியக் கதைமரபு இதை நெடுங்காலம் செய்தது. கோல்டிங்கின் நாவல் எதிர்த்து எழுதப்பட்டதே அப்படி ஒரு கதையைத்தான். ஆர். எம். பாலன்டைனின் 'தி கோரல் ஐலண்ட்' 19-ஆம் நூற்றாண்டு நூல். அதிலும் ரால்ஃப், ஜாக் என்று பெயர்கள் உண்டு. அங்கே பிரிட்டிஷ் பையன்கள் தீவில் உற்சாகமாக, ஒழுக்கமாக வாழ்கிறார்கள். தீமை எல்லாம் தீவு மக்களிடமிருந்தும் கொள்ளையரிடமிருந்தும் வருகிறது. கோல்டிங் வெளியாட்களையே எடுத்துவிட்டார். மிருகம் என்று பையன்கள் அஞ்சியது, பாராசூட்டில் தொங்கி இறந்த ஒரு போர்வீரனின் உடல். பெரியவர்கள் உலகத்திலிருந்து அவர்களுக்கு வந்த ஒரே செய்தி அதுதான்.

ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' 1899-இல் இதழில் தொடராக வந்தது. அவர் 1890-இல் காங்கோ ஆற்றில் நீராவிப் படகில் வேலை பார்த்தவர். அப்போது அந்த நிலம் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. கதையில் வரும் குர்ட்ஸ், நாகரிகத்தைப் பரப்ப வந்த தந்த வணிகன். காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிக்கும் சங்கத்துக்காக அழகான ஓர் அறிக்கை எழுதுகிறான். அதன் கடைசியில், பின்னால் சேர்த்த ஒற்றை வரி: அந்த மிருகங்கள் எல்லாவற்றையும் அழித்தொழியுங்கள். அவன் வீட்டு வேலியில் கம்பங்களின்மேல் வெட்டிய மனிதத் தலைகள்.

சரி, இங்கே காட்டுமிராண்டி யார் என்று கான்ராடுக்குத் தெரிந்திருக்கிறது என்று விட்டுவிடலாமா? நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே 1975-இல் ஆற்றிய உரையில் விடவில்லை. ஒரு வெள்ளையனின் மனம் சிதைவதைக் காட்டுவதற்கு ஆப்பிரிக்கா முழுவதையும் வெறும் பின்திரையாக, அதன் மக்களைக் கைகால்களும் கூச்சல்களுமாக ஆக்கியிருக்கிறது இந்தக் கதை என்றார். அவர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். அதற்காகக் கான்ராடைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரண்டையும் ஒரே வாரத்தில் படியுங்கள்.

ஆட்டா தீவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். டோங்கா பையன்கள் ஒதுங்கியபோது அந்தத் தீவு ஏன் ஆளில்லாமல் இருந்தது? 1863-இல் ஓர் அடிமை வணிகக் கப்பல் வந்து, அங்கிருந்தவர்களில் ஏறத்தாழ 140 பேரைப் பிடித்துப் போனது. மீதியிருந்தவர்களை டோங்கா மன்னர் பாதுகாப்புக்காக வேறு தீவுக்குக் குடியேற்றினார். காட்டுத்தனம் அந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தது.

காட்டுக்குத் திரும்புவதை நல்லதாகக் காட்டும் கதை உண்டா?

ஜாக் லண்டனின் 'தி கால் ஆஃப் தி வைல்ட்', 1903. பக் என்ற வீட்டு நாய் திருடப்பட்டு, தங்கவேட்டைக் காலத்தில் வடக்கே பனிவண்டி இழுக்க விற்கப்படுகிறது. அடியும் கோரைப்பல்லும்தான் அங்கே சட்டம். கடைசியில் அது ஓநாய்களோடு போய்விடுகிறது. படிக்கும் நமக்கு வருத்தம் வராது, சிலிர்க்கும். நாய் என்பதால் அதை நாம் அனுமதிக்கிறோம். அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் கோல்டிங்கின் ஜாக் பூசிக்கொண்ட முகப்பூச்சு அவ்வளவு தூரத்தில் இல்லை.

நம் இலக்கியத்தில் இது பேசப்பட்டிருக்கிறதா?

மகாபாரதத்தின் சௌப்திக பருவம். துரியோதனன் வீழ்ந்துவிட்டான். மிஞ்சிய மூன்று பேர் இரவில் ஓர் ஆலமரத்தடியில் ஒதுங்குகிறார்கள். கிருபரும் கிருதவர்மனும் உறங்கிவிட, அசுவத்தாமன் மட்டும் விழித்திருக்கிறான். பொய்யால் ஆயுதத்தைக் கீழே போடவைத்துக் கொல்லப்பட்ட தந்தையின் நினைவு அவனைத் தூங்கவிடவில்லை. மரத்தில் உறங்கும் காக்கைகளை ஓர் ஆந்தை வந்து சத்தமில்லாமல் கொன்று குவிக்கிறது. அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். யோசனை பிறந்துவிடுகிறது. கிருபர் எழுந்து, விடியட்டும், தூங்குகிறவர்களைக் கொல்வது அறமல்ல என்று தடுத்துப் பார்க்கிறார். அசுவத்தாமன் போகிறான். கிருபரும் பின்னால் போய்ப் பாசறை வாசலில் நிற்கிறார், தப்பி ஓடுகிறவர்களைக் கொல்ல. எனக்கு அசுவத்தாமனைவிடக் கிருபரின் அந்த நடை பயங்கரமாகத் தெரிகிறது.

நவீனத் தமிழில் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977. செகந்திராபாதில் வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு என்று போகும் வாழ்க்கைக்குள் 1948-இன் ஹைதராபாத் அரசியல் கொஞ்சம் கொஞ்சமாக நுழைகிறது. கடைசியில் கலவர நேரத்தில் அவன் ஒரு முஸ்லிம் குடும்பம் ஒளிந்திருக்கும் வீட்டுக்குள் போய்விடுகிறான். அவனைத் தாக்க வந்தவன் என்று எண்ணி, குடும்பத்தைக் காப்பாற்ற அங்குள்ள சின்னப்பெண் தன் உடைகளைக் களைந்து முன்வருகிறாள். அவன் வாந்தி எடுத்து, ஓடிவிடுகிறான்.

அவன் ஒரு கெட்டதும் செய்யவில்லை. கையில் ஆயுதம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் தான் யாராகத் தெரிகிறோம் என்பதை அவன் பார்த்துவிட்டான். கள்ளமின்மை தொலைய ஒருவர் குற்றம் செய்ய வேண்டியதில்லை, தன் கூட்டம் செய்த குற்றத்தின் முகமாகத் தான் தெரிந்தால் போதும் என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கோல்டிங்குக்குப் பன்னிரண்டு அத்தியாயம் தேவைப்பட்டதை அசோகமித்திரன் கடைசி இரண்டு மூன்று பக்கங்களில் முடித்துவிடுகிறார்.

பிக்கியின் கண்ணாடியால் நெருப்பு மூட்ட முடியாது என்கிறார்களே?

உண்மைதான். பிக்கிக்குக் கிட்டப்பார்வை. அதற்குக் குழிவில்லை போடுவார்கள். அது ஒளியைக் குவிக்காது, விரிக்கும். கோல்டிங் தவறிவிட்டார். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் கடற்படை அதிகாரி வந்து காப்பாற்றுவது கதையைக் கெடுக்கவில்லையா?

முதலில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. மறுபடி படித்தால் அது மீட்பு மாதிரியே இல்லை. புகை எதனால் வந்தது? ரால்ஃபைக் கொல்ல மூட்டிய தீயால். சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்பார் வள்ளுவர். அது நெருப்புக்கும் பெயர். ஒழுங்காகக் காத்த அடுப்புத்தீயை எந்தக் கப்பலும் நின்று பார்க்கவில்லை. தீவே எரிந்தபோதுதான் கப்பல் வந்தது. வந்தது போர்க்கப்பல்.

இன்னொரு சிறு விஷயம். சின்னப் பையன்களில் பெர்சிவல் என்று ஒருவன். யார் கேட்டாலும் தன் முழுப்பெயரையும் வீட்டு முகவரியையும் மந்திரம் போல ஒப்பிப்பான். வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பிய கவசம் அது. கடைசியில் அதிகாரி முன்னால் வந்து நிற்கிறான். 'நான், நான்...' அதற்குமேல் எதுவும் வரவில்லை.

பதின்ம வயதினருக்குக் கொடுக்கலாமா?

கோல்டிங்கைப் பதினான்கு வயதுக்குமேல் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கூடவே நீங்களும் படித்துப் பேசினால் நல்லது. அவர்களுக்குக் கூட்டம் சேர்ந்து ஒருவனைக் கேலி செய்வது எப்படியிருக்கும் என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். ஹியூஸின் நாவல் குழந்தைகளைப் பற்றியது, குழந்தைகளுக்கு உரியது அல்ல.

இப்படி ஒரு கதை எழுத முயல்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் மறுப்பை எழுதுங்கள். ஜாக்கின் கத்தி இறங்காத நொடி இல்லாவிட்டால் பின்னால் அது இறங்குவதற்கு எடை இல்லை. அப்புறம் சுகத்தை மறைக்காதீர்கள்; உங்கள் பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் நன்றாக இருந்தது என்றால், நன்றாக இருந்தது என்றே எழுதுங்கள். வாசகரும் ஒரு கணம் அதை உணர வேண்டும், உணர்ந்துவிட்டு வெட்கப்பட வேண்டும்.

பலியாகிறவருக்கு ஒரு வாழ்க்கை கொடுங்கள். இதில் கோல்டிங் செய்த ஒன்று என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. நாவல் முடியும்வரை பிக்கியின் உண்மைப் பெயர் நமக்குத் தெரியாது. அந்தக் கேலிப்பெயர் மட்டும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அவன் ரால்ஃபிடம் நம்பிச் சொல்கிறான். ரால்ஃப் சிரித்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிவிடுகிறான். கதையின் நல்லவன் செய்த முதல் காரியம் அது. கொடுமையை உரக்க எழுதத் தேவையே இல்லை.

மறுபடி படிக்கும்போது எந்த இடத்தில் நிற்கலாம்?

நான்காவது அத்தியாயம், அதே கடற்கரை. ஈரமணலில் குனிந்து, தண்ணீரில் வரும் சிறு உயிர்களோடு ஹென்றி விளையாடுகிறான். பக்கத்தில் தண்ணீரில் ஏதோ விழும் சத்தம் கேட்கிறது. திரும்புகிறான், ஒன்றும் இல்லை. அடுத்த பக்கம் சத்தம். அங்கும் திரும்புகிறான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகவே திரும்புகிறான். கடைசியில் ஒரு கல் விழுவதைப் பார்த்துவிடுகிறான். பார்த்ததும் சிரிக்கிறான். தன்னைச் சீண்டி விளையாடும் நண்பன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடுகிறான்.